தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பலை பெங்களூரில் சபையிலேயே தயாரிக்க முடியுமா? போன வருடம் நெற்றியில் வைத்தது எரிந்ததே, ஏன்?

முடியும். போன குருத்தோலை ஞாயிறு ஓலைகளை ஜனவரியிலேயே சபையாரிடம் கேட்டு வாங்குங்கள். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ரிப்பன், நூல், பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஈரம் இருந்தால் வெறும் புகைதான் வரும், அப்பார்ட்மென்ட் பால்கனியில் வேண்டவே வேண்டாம். கோயில் வளாகத்தில் இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியுங்கள். ஓலை கருகியதும் மூடிவிட வேண்டும். வெள்ளைச் சாம்பலாகும்வரை விட்டால் நெற்றியில் தெரியாது. நன்றாக ஆறியபின் அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். ஒரு கூடை ஓலைக்கு ஒரு பிடிதான் மிஞ்சும். பயப்படாதீர்கள், அதுவே நிறையப் பேருக்குப் போதும்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். சாம்பலில் காரத்தன்மை (அல்கலி) இருக்கிறது. தண்ணீர் பட்டால் கரைந்து தோலைப் புண்ணாக்கும். அதற்குப் பதில் ஒரு தேக்கரண்டித் தூளுக்கு நாலைந்து சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைக்கவும். எண்ணெய் கூடினால் வழிந்து கண்ணில் இறங்கும். கடையில் வாங்கிய சாம்பலுக்கும் இதே விதிதான். குழந்தைகளுக்கு லேசாகத் தொட்டு வைத்தாலே போதும். ஆயரின் கட்டைவிரல் அழுத்தம் சில சமயம் சாம்பலைவிட மோசம்!