மரபணு ஆலோசகராக முதல் வருடம்: கேள்வி பதில்

கேள்வி: வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது அக்கா. நாள் முழுக்க, யாருக்கு என்ன நோய் என்று காட்டும் குடும்ப வரைபடம்தான் போடுகிறேன். ஆலோசனை எப்போது?

பதில்: அதுதான் ஆலோசனை. சதுரம் ஆண், வட்டம் பெண், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. இதெல்லாம் படிப்பிலேயே வந்துவிடும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. "எத்தனை பிள்ளைகள்?" என்றால் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். புதிதில் ஒரு பாட்டியிடம், "எத்தனை முறை கர்ப்பமானீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், சில மாதத்திலேயே இறந்துபோன இரண்டு ஆண் குழந்தைகளைச் சொன்னார். பக்கத்தில் இருந்த மகளுக்கே அது தெரியாது. அந்த இரண்டு சதுரங்களிலும் இறப்பைக் காட்டும் குறுக்குக் கோடு போட்டபோதுதான், எக்ஸ் குரோமோசோம் வழியாக வந்து ஆண்களையே அதிகம் தாக்கும் நோயா என்று பார்க்கத் தோன்றியது.

கேள்வி: தாய், தந்தை இருவரும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்குக் கேரியர், அதாவது நோய் இல்லாமல் பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள். குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25% என்று சொன்னேன். "மூத்தவனுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்கிறார்கள்.

பதில்: சதவீதத்தை விடுங்கள். தாய்க்கு இரண்டு சீட்டு, தந்தைக்கு இரண்டு சீட்டு, ஆளுக்கு ஒன்றில் புள்ளி, அதுதான் பழுதான மரபணு. அவர்களையே ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள், இரண்டிலும் புள்ளி இருந்தால் நோய். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதே வாய்ப்புதான் என்பது திரும்பப் போடும்போதே புரிந்துவிடும். இன்னொன்று: நோயில்லாத அண்ணனோ தங்கையோ கேரியராக இருக்கும் வாய்ப்பு பாதி அல்ல, மூன்றில் இரண்டு. நான்கு சேர்க்கையில் நோயுள்ள ஒன்றைக் கழித்தால் மீதி மூன்று, அதில் இரண்டில் ஒரு புள்ளி இருக்கும்.

கேள்வி: இந்த வேலைக்கு எம்பிபிஎஸ் வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1969இல் அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரி தொடங்கிய, இந்தத் துறையின் முதல் படிப்பே முதுகலைதான்.

கேள்வி: நர்சிங் படித்தேன், எம்பிபிஎஸ் இல்லாமல் முடியுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 மரபணுவின் ரிப்போர்ட்டில் "முக்கியத்துவம் தெரியாத மாறுபாடு" என்று வந்திருக்கிறது. மார்பகத்தை அகற்ற வேண்டுமா என்கிறார்.

பதில்: அதை மட்டும் வைத்து எந்த முடிவும் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மரபணு மாறுபாடுகளைத் தீங்கற்றது முதல் நோய் தருவது வரை பிரிக்கும் 2015 அமெரிக்க வழிகாட்டுதலின் ஐந்து வகைகளில் அது நடுவில் இருப்பது, நோய் தரும் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் பின்னால் தீங்கற்றது என்றே மாறுகிறது. குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்பதை வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: "எங்கள் இடத்தில் நீங்கள் என்றால்?" என்கிறார்கள். ஆலோசகர் கருத்தே சொல்லக்கூடாது அல்லவா?

இன்னொருவர்: அப்படி ஒதுங்குவது கைவிடுவது மாதிரி. பயந்துபோய் வந்தவரிடம் புள்ளிவிவரம் வாசித்துவிட்டு எழுந்துவிடலாமா?

பதில்: இரண்டாமவர் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். ஒதுங்கி நிற்கக்கூடாது, சரி. ஆனால் குழந்தையை வளர்க்கப்போவது நான் இல்லை. என் பதிலைச் சொன்னால் அதை மருத்துவமனையின் உத்தரவாக எடுத்துக்கொள்வார்கள். "நேற்று இரவு தூங்காமல் எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பேன். தம்பதி இருவரும் வேறு வேறு பதில் சொல்வார்கள். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

முதலில் கேட்டவர்: அழுதுவிட்டால்?

பதில்: ரிப்போர்ட்டை மூடிவையுங்கள். டிஷ்யூவை உடனே நீட்டாதீர்கள், அழுகையை நிறுத்தச் சொல்வதாகப் படும். கைக்கு எட்டும் இடத்தில் முன்னாலேயே வைத்திருங்கள். அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.