9-6-இல் நடுங்கும் கை
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. ஐந்து ஆண்டுகளாக டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள். பயிற்சிக் கூடத்தில் தன்னைவிட மூத்த பிள்ளைகளையும் வென்றுவிடுகிறாள். போட்டி என்று வந்துவிட்டால், 9-6 என்று முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக்கூட 9-11 என்று விட்டுவிடுகிறாள். நானும் அவள் அம்மாவும் எவ்வளவோ தைரியம் சொல்லிப் பார்த்துவிட்டோம். மனப் பயிற்சி என்கிறார்களே, அது இதற்கு உதவுமா?
- ஒரு தந்தை, முகப்பேர்

பதில்: உதவும். ஆனால் நீங்கள் சொல்லும் தைரியம் அந்தப் பயிற்சியில் சேராது. "பயப்படாதே" என்று கேட்ட பிள்ளைக்குத் தான் பயப்படுவது உறுதியாகிறது, அவ்வளவுதான்.

9-6 என்னும் நிலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பல்லாயிரம் முறை அடித்துப் பழகிய அடியைக் கை தானாகவே செய்துகொண்டிருந்தது. வெற்றிக்குரிய பதினொன்றுக்கு இன்னும் இரண்டு புள்ளிகள்தாம் என்ற நினைவு வந்ததும், தவறிவிடக்கூடாதே என்று அவள் தன் மணிக்கட்டைக் கண்காணிக்கத் தொடங்குகிறாள். மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படியில் என்று யோசித்தால் தடுக்குமல்லவா, அதுதான் இங்கேயும். சையன் பைலாக் என்ற அமெரிக்க உளவியலாளர் கோல்ஃப் ஆடுபவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், கைதேர்ந்தவர்கள் தங்கள் கை அசைவைக் கவனித்தபோது ஆட்டம் கெட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனம் உதவியது. ஆகவே உங்கள் மகள் தடுமாறுவதற்கு, அவள் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

பயிற்சியாளரிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாள் ஆட்டத்தை 0-0 என்று தொடங்காமல் 9-9 என்று தொடங்கச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று பார்க்கட்டும். தோற்பவர் அன்று கூடத்தில் சிதறிய பந்துகளையெல்லாம் பொறுக்க வேண்டும் என்று ஒரு சிறு தண்டனையும் இருக்கட்டும். நடுக்கம் போன பிறகு ஆடலாம் என்று காத்திருப்பதைவிட, நடுங்கும் கையோடு சர்வீஸ் போட்டுப் பழகுவதே நடக்கக்கூடிய காரியம்.

அடுத்தது, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் உள்ள சில நொடிகள். டேபிள் டென்னிஸில் ஒவ்வொரு ஆறு புள்ளிக்கும் ஒருமுறை துண்டால் முகம் துடைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 9-6-இலிருந்து வரிசையாக மூன்று புள்ளிகள் போனால் 9-9, மொத்தம் பதினெட்டு. அவள் மிகவும் கலங்கியிருக்கும் அந்த இடத்தில்தான் துண்டு எடுக்கும் முறையும் வருகிறது! அவசரமாகத் துடைத்துவிட்டு ஓடி வரும் வழக்கம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். துண்டுக்குள் முகம் இருக்கும்போது நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடட்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். பிறகு அடுத்த சர்வீஸ் எங்கே விழ வேண்டும் என்று மேசையில் ஓர் இடத்தை முடிவு செய்துகொண்டு திரும்பட்டும். மணிக்கட்டை மறப்பதற்கு, பந்து விழும் இடத்தைப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. இதை வீட்டில் தினமும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒத்திகை பார்க்க வேண்டும். போட்டியன்று புதிதாகச் செய்தால் அதுவும் ஒரு பதற்றமாகிவிடும்.

நம் ஊர்ப் பிள்ளை குகேஷ் 2022-இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றுவிட்டு, பத்தாவது சுற்றில் நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரோவிடம் இழந்தார். 2024 இறுதியில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது முதல் ஆட்டத்திலேயே தோற்று, மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்து, 7.5-6.5 என்று பட்டத்தை வென்று முடித்தார். அந்தப் போட்டிக்காக, 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு பணியாற்றிய பேடி அப்டனிடம் அவர் மனப் பயிற்சி பெற்றார். தோற்ற மறுநாள் எப்படி உட்கார்ந்து ஆடுவது என்பதும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றுதான்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. போட்டி முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவள் எழுந்து போக முடியாது. போட்டிக்கு முன் வாரக் கணக்கில் தூக்கம் கெட்டாலோ, வாந்தி வந்தாலோ அது பயிற்சியாளரின் எல்லையைத் தாண்டியது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் தமிழில் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: எனக்கு 44 வயது. தெருவில் ஸ்கூட்டர் நன்றாகவே ஓட்டுகிறேன். உரிமம் வாங்கப் போனால், 'எட்டு' போடும்போது இரண்டு முறையும் பாதியில் காலை ஊன்றிவிட்டேன். வரிசையில் நிற்கும் இளைஞர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருக்கிறது.
- இல்லத்தரசி, வில்லிவாக்கம்

பதில்: பார்க்கத்தான் செய்வார்கள், அடுத்தது அவர்கள் முறையல்லவா? நானும் ஒருமுறை அந்த எட்டில் காலை ஊன்றியவன்தான். அன்று நான் முன் சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். வளைவுக்குள் நுழையும் முன்பே, அது முடியும் இடத்துக்குத் தலையைத் திருப்பிவிடுங்கள். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி மெதுவாகச் செல்லுங்கள்.

பக்கத்து மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு வரைந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நீங்கள் ஓட்டும்போது கத்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளில்லாத இடத்தில் நூறு எட்டு போடுவதைவிட, அந்தக் கூச்சலுக்கு நடுவே இருபது போடுவது உங்களுக்குப் பயன்படும். உங்கள் முறை வரும்போது நெஞ்சு படபடத்தால், உடம்பு வேலைக்குத் தயாராகிறது என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புங்கள்.

கேள்வி: குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன். துணை ஆட்சியர் நாற்காலியில் அமர்ந்திருப்பது போலத் தினமும் கண்ணை மூடிக் கற்பனை செய்தால் வெற்றி நிச்சயம் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். உண்மையா?
- தேர்வர், அண்ணா நகர்

பதில்: நாற்காலியை விடுங்கள். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவின் லியன் பாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை இரு விதமாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்களே அதிகம் படித்தார்கள். நல்ல மதிப்பெண்ணும் பெற்றார்கள். கண்ணை மூடத்தான் வேண்டுமென்றால், நாளைக் காலை கோட்டூர்புரம் நூலகத்தில் எந்த மேசையில் உட்காரப்போகிறீர்கள், கைப்பேசியை எங்கே வைக்கப்போகிறீர்கள், முதலில் எந்தப் பாடத்தைத் திறக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.