பைக் சைலன்சரில் சின்ன ஃபேன் வைத்து, வீணாகும் புகையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியாதா?

முடியும். ஆனால் நீங்கள் நினைப்பது போல அது ஓசிக் கரன்ட் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பைக்கின் சைலன்சர் வாயில் பழந்துணியை வைத்து அமுக்கினால் இன்ஜின் திணறும், இன்னும் அமுக்கினால் நின்றே போகும். (சிறுவயதில் செய்து அடி வாங்கியிருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டாம்.) ஃபேனும் அந்தத் துணிக்குத் தம்பிதான். புகையை வெளியே தள்ளுவது பிஸ்டன். வழியில் தடை வைத்தால் பிஸ்டனுக்கு வேலை கூடும், பழைய புகை கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கிப் புதுக் காற்றுக்கு இடம் குறையும். ஃபேன் தரும் கரன்டுக்குப் பெட்ரோல் டேங்க்தான் பணம் கட்டும்.

புகையால் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டால், நியாயமான கேள்வி. சிலிண்டரிலிருந்து புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது உள்ளே அழுத்தம் இன்னும் நிறையவே இருக்கும். பிஸ்டன் தள்ளுவதற்கு முன்பே வாயு சீறிக்கொண்டு பாயும். உண்மையில் வீணாவது அந்தச் சீற்றம். அதைப் பிடிக்க டர்பைன் இன்ஜினை ஒட்டியே இருக்க வேண்டும். சைலன்சர் நுனிக்கு வரும்போது எல்லாம் அடங்கியிருக்கும்.

ஃபார்முலா 1 கார்களில் 2014 முதல் 2025 வரை இதைச் செய்தார்கள். டர்போவின் தண்டிலேயே ஒரு ஜெனரேட்டர், பெயர் எம்ஜியு-எச். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை அனுமதி. செலவும் சிக்கலும் அதிகம் என்று 2026 விதிகளில் எடுத்துவிட்டார்கள். ரோட்டில் ஓடும் கார் வேண்டுமென்றால் 2024-இல் வந்த போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ்: அதன் டர்போவில் இருக்கும் மோட்டார் புகையிலிருந்து 11 கிலோவாட் வரை எடுக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

சரி, ஓட்டத்தை விடுங்கள், சூடு இருக்கிறதே? பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகப் புகையோடு போகிறது. எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டே இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நான்கு பெல்டியர் மாட்யூல் வாங்கினோம். நாலு சென்டிமீட்டர் சதுரம், ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் குளிர்ந்தால் வோல்டேஜ் தரும். சைலன்சர் உருண்டை, மாட்யூல் தட்டை. லேத்தில் ஒரு அலுமினியக் கட்டையைக் குடைந்து, கிளாம்ப் போட்டு உட்கார வைத்தோம். இன்ஜின் பக்கத்து வளைவில் சூடு நன்றாக இருக்கிறதே என்று அங்கே வைத்த முதல் மாட்யூல் செத்தது. குளிரூட்டுவதற்காகச் செய்த சாதனம் அது. 138 டிகிரி தாண்டினால் உள்ளே இருக்கும் ஈயப்பற்று இளகிவிடும் என்பதை டேட்டாஷீட்டில் அப்புறம்தான் படித்தோம்.

பின்னால் தள்ளி வைத்தோம். ஒரு மாட்யூலுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் வந்தது. ஐந்து நிமிடத்தில் இறங்க ஆரம்பித்தது. நின்ற வண்டி, காற்று இல்லை, மறுபக்கத்தைக் குளிர்விக்க வைத்த ஹீட் சிங்க்கும் சுட ஆரம்பித்துவிட்டது. இரு பக்கமும் சூடு என்றால் கரன்ட் எங்கிருந்து வரும்? வைவா அன்று ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து ஹீட் சிங்க் மேல் கொட்டினோம். எல்இடி பளிச்சென்று எரிந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐஸ் பண்ண எவ்வளவு கரன்ட் ஆச்சு தம்பி?" என்றார்.

கார் கம்பெனிகளுக்கும் இடித்தது ஏறக்குறைய இதே இடம்தான். பிஎம்டபிள்யூ, ஃபோர்டு எல்லாம் இதே போலச் சூட்டிலிருந்து மின்சாரம் தரும் வெப்பமின் மாட்யூல்களைப் புகைக்குழாயில் பொருத்திச் சோதித்தன. சூட்டில் ஐந்து சதவீதம் மின்சாரமானாலே நல்ல கணக்கு, அதற்குள் குளிரவைக்கும் பாரம் ரேடியேட்டர் மேல் விழுகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் சூடும் நிலையாக இருக்காது. நகர ஓட்டத்தில் பிரேக் பிடிக்கும்போது சக்தியைத் திரும்ப எடுப்பது இதைவிட எளிது, ஹைப்ரிட்கள் அந்த வழியில் போய்விட்டன. நாள்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும் பெரிய கப்பல்களில் மட்டும் கணக்கு வேறு. புகைச் சூட்டில் நீராவி எடுத்து ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள், குளிரவைக்கச் சுற்றிலும் கடல்.

நீங்கள் கேட்பதும் ப்ராஜெக்ட்டுக்காக என்றால் ஃபேனை விடுங்கள், பெல்டியரே செய்யுங்கள். கூலிங் மாட்யூலுக்குப் பதில் 200 டிகிரிக்கு மேல் தாங்கும் ஜெனரேட்டர் மாட்யூலாகக் கேட்டு வாங்குங்கள். ரீடிங்கை ஓட்டும்போது எடுங்கள், நிற்கவைத்து எடுக்காதீர்கள். ஹெட்லைட் எரியும் என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள், சாதாரண ஹாலஜன் பல்புக்கே 35 வாட் வேண்டும்.