காம்போவா, செக் பாக்ஸா? மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) ஃபார்ம் கேள்வி-பதில்

கே: பில் ஃபார்மில் பணம் கட்டும் முறைக்கு (ரொக்கம், கடன், செக், யுபிஐ) ஆப்ஷன் குரூப் (ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டன் தொகுப்பு) வைக்கலாமா?

ப: நாலுதானே என்று இப்போது தோன்றும். ஐந்தாவது வரும் நாளில் ஃபார்மை டிசைனில் திறந்து, பட்டன் போட்டு, இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். காம்போ (கீழே விரியும் பட்டியல்) என்றால் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஆப்ஷன் குரூப் எண்ணை மட்டுமே சேமிக்கும். மாறவே மாறாத மூன்று நான்குக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: செல்போன் எண்ணை ஏற்க மறுக்கிறது. டெக்ஸ்ட் பாக்ஸை மாற்ற வேண்டுமா?

ப: டெக்ஸ்ட் பாக்ஸ் என்ன பாவம் செய்தது? ஃபீல்டு (டேபிளின் நெடுவரிசை) லாங் இன்டிஜராக, அதாவது முழு எண் வகையாக, இருக்கும். அது சுமார் 214 கோடியோடு நின்றுவிடும்; 98-ல் தொடங்கும் செல் எண்ணோ 980 கோடியைத் தாண்டுகிறது. போன், பின்கோடு, பேங்க் கணக்கு எண் என்று கூட்டிக் கழிக்காத எண் எல்லாம் டெக்ஸ்ட். டேபிளில் கை வைக்கும் முன் ஃபைலை நகல் எடுங்கள்.

கே: பில்களைத் தேட, ஃபார்மில் இருக்கும் வாடிக்கையாளர் காம்போவையே பயன்படுத்துகிறோம். சில பில்களில் பெயர் தானாக மாறிவிட்டது. வைரஸா?

ப: வைரஸ் இல்லை, நீங்கள்தான். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வருவது நிற்கவில்லை. காம்போவின் கன்ட்ரோல் சோர்ஸ் ப்ராப்பர்ட்டியில் ஃபீல்டு பெயர் இருந்தால் அந்தக் காம்போ பவுண்ட், அதாவது அந்த ஃபீல்டோடு கட்டப்பட்டது. அதில் ஒரு பெயரைத் தேர்வது தேடல் இல்லை, எழுதுதல். திரையில் எந்தப் பில் நிற்கிறதோ அதன் வாடிக்கையாளர் மாறுகிறார். புதிய பெயரும் டேபிளில் உள்ள சரியான ஐடிதான் என்பதால் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டியும் (இல்லாத ஐடியைத் தடுக்கும் விதி) வாய் திறக்காது. அடுத்த ரெக்கார்டுக்கு நகர்ந்ததும் சேமிப்பும் ஆகிவிடும். நகரும் முன் எஸ்கேப் கீயை அழுத்தியவர் தப்பித்தார்.

தேடலுக்குத் தனிக் காம்போ வையுங்கள், ஃபார்ம் ஹெடரில், வேறு நிறத்தில். கன்ட்ரோல் சோர்ஸ் காலி. ரோ சோர்ஸில் (பட்டியல் எடுக்கும் இடம்) பில் ஐடி, பில் எண், வாடிக்கையாளர் பெயர். காலம் (Column, நெடுவரிசை) கவுன்ட் 3, பவுண்ட் காலம் (மதிப்பு எடுக்கும் நெடுவரிசை) 1, காலம் விட்த்ஸ் 0;2;6 செ.மீ. ஆஃப்டர் அப்டேட்டில் (பெயரைத் தேர்ந்ததும் ஓடும் நிகழ்வு) முதலில் டர்ட்டியாக (மாற்றியும் சேமிக்காமல்) இருக்கும் ரெக்கார்டைச் சேமித்து, ரெக்கார்ட்செட்குளோனில் (ஃபார்மின் ரெக்கார்டுகளின் நகல்) ஃபைண்ட்ஃபர்ஸ்ட் போட்டுத் தேடி, நோமேட்ச் (கிடைக்கவில்லை) இல்லையென்றால் மட்டும் ஃபார்மின் புக்மார்க்கை (நிற்கும் இடத்தை) மாற்றுங்கள். நோமேட்சைப் பார்க்காமல் விட்டால் சம்பந்தமில்லாத பில்லில் போய் நிற்கும். ஃபார்மில் ஃபில்டர் போட்டிருந்தால், வெளியே தள்ளப்பட்ட பில் குளோனிலும் கிடைக்காது. ஃபில்டரை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

ஏற்கெனவே மாறிய பெயர்களை மீட்கப் பழைய நகலோடு ஒப்பிடுவது ஒன்றே வழி. நகல் இல்லையா? அச்சடித்த பில்களை எடுத்துவைத்து உட்காருங்கள்.

கே: காம்போ வேலை செய்யவில்லை. அவசரம்.

ப: எந்த வெர்ஷன், என்ன பிழைச் செய்தி, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது? ஒன்றும் எழுதாமல் அவசரம் என்றால் ஜோசியம்தான் பார்க்கலாம். பெயருக்குப் பதில் எண் தெரிந்தால் காலம் விட்த்ஸின் முதல் மதிப்பை 0 ஆக்குங்கள். தவறான விவரம் சேமிக்கப்பட்டால் பவுண்ட் காலத்தைப் பாருங்கள்: ப்ராப்பர்ட்டியில் எண்ணிக்கை 1-ல் தொடங்கும், கோடில் (நிரலில்) Column என்று எழுதும்போது 0-ல் தொடங்கும். பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

கே: செக் பாக்ஸில் ஆம், இல்லை, தெரியவில்லை மூன்றும் வேண்டும். ட்ரிப்பிள் ஸ்டேட் (மூன்று நிலை) போட்டும் பலனில்லை.

ப: யெஸ்/நோ ஃபீல்டு நல்லை (Null, வெற்று மதிப்பு) சேமிக்காது. நம்பர் ஃபீல்டாக்கி, டீஃபால்ட் வேல்யூவில் உள்ள 0-ஐ அழித்தால் சேமிக்கும். ஆனால் நல்லைக் காட்டும் சாம்பல் நிறக் கட்டத்துக்கு அர்த்தம் என்னவென்று ஆபரேட்டர் தினமும் கேட்பார். மூன்று வரிக் காம்போ போடுங்கள்.

கே: மாவட்டம் தேர்ந்ததும் அதன் தாலுகாக்கள் மட்டும் வரும்படி செய்தேன். கன்டினியூவஸ் ஃபார்மில் (பல ரெக்கார்டுகளை வரி வரியாகக் காட்டுவது) மற்ற வரிகளின் தாலுகா மறைகிறது.

ப: தரவு எங்கும் போகவில்லை. எத்தனை வரி தெரிந்தாலும் காம்போ ஒன்றுதான், ரோ சோர்ஸும் ஒன்றுதான். சேலத்துக்கு ரீகுவெரி செய்தால் (பட்டியலை மறுபடி எடுத்தால்) மதுரை வரியின் ஐடிக்குப் பெயர் காட்ட லிஸ்டில் ஆள் இல்லை. ஃபார்மின் குவெரியில் தாலுகா டேபிளை லெஃப்ட் ஜாயின் (பொருத்தம் இல்லாத வரியும் விடுபடாத இணைப்பு) செய்து, பெயரை ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் எடுத்து, காம்போவின் எழுத்துப் பகுதிமேல் உட்கார வையுங்கள். அம்புக்குறி மட்டும் வெளியே தெரியட்டும். டெக்ஸ்ட் பாக்ஸின் லாக்ட் யெஸ், டேப் ஸ்டாப் நோ. அதன் காட் ஃபோகஸில் (கர்சர் உள்ளே வரும்போது ஓடும் நிகழ்வு) காம்போவுக்கு ஃபோகஸைத் தள்ளிவிடுங்கள். நகலில் செய்து பார்த்துவிட்டு.

கே: பிறந்த தேதிக்கு டேட் பிக்கர் சரியா?

ப: 50 வயதுக்காரருக்கு மாதம் மாதமாகப் பின்னால் தள்ளினால் 600 கிளிக். ஷோ டேட் பிக்கரை நெவர் ஆக்கி, தட்டச்சு செய்ய விடுங்கள். டெலிவரி தேதி போல இன்றைக்குப் பக்கத்தில் இருப்பதற்குப் பிக்கர் போதும். கோடில் தேதியை ஹாஷ் குறிகளுக்குள் எழுதும்போது மாதம்தான் முதலில். 05/06 என்றால் மே 6, ஜூன் 5 இல்லை.