ஃபிட்ஸ் வந்தவர் வீட்டிலிருந்தே குடியை நிறுத்தலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கணவருக்கு வயது 44. பன்னிரண்டு வருடமாகத் தினம் இரண்டு குவார்ட்டர். போன தை மாதம் தானாகவே நிறுத்தினார். இரண்டாம் நாள் ஃபிட்ஸ் வந்தது, பயந்து மறுபடி குடித்துவிட்டார். இப்போது விட்டுவிடுகிறேன் என்று அவரே சொல்கிறார். மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே பார்க்கலாமா, மூன்று மாதம் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதா?

முதல் படியாக இரண்டுமே வேண்டாம், சகோதரி. முதலில் ஆஸ்பத்திரி வார்டு. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்.

அந்த ஃபிட்ஸ்தான் காரணம். இரண்டு குவார்ட்டரில் சுமார் 120 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதற்குப் பழகிய நரம்புகள், அது சட்டென நின்றதும் கட்டுக்கடங்காமல் துடிக்கும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் கழிந்தாலே கைநடுக்கம், வியர்வை. ஃபிட்ஸ் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல் தொடங்கலாம்: சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார், உடம்பு கொதிக்கும். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. ஒருமுறை ஃபிட்ஸ் வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே படுக்கை கிடைக்கும்வரை அவராகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

வார்டில் நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துப் பார்த்து மாத்திரை அளவைக் கூட்டி, பிறகு நாளுக்கு நாள் குறைப்பார்கள். அதே மாத்திரையோடு வீட்டில் குடித்தால் மூச்சே நின்றுவிடலாம். தயமின் என்ற பி1 ஊசியும் முக்கியம். 'தெம்பா இல்லை, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று பக்கத்துக் கிளினிக்கில் கேட்காதீர்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

வேலூர் அருகே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கேளுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. ஃபிட்ஸ் வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கடைசியாகக் குடித்த நேரம், பழைய மருந்துச் சீட்டு, மஞ்சள் காமாலை வந்திருந்தால் அதுவும்.

வார்டிலிருந்து வந்தபின் வாரம் ஒருமுறை வெளிநோயாளியாகப் போனாலே பலருக்குப் போதும். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரையை, கல்லீரல் பரிசோதனை பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். வீட்டில் இன்னொருவரும் குடிக்கிறார், ஒழுங்காக மருந்து எடுத்தும் திரும்பத் திரும்பக் குடிக்குப் போகிறார் என்றால்தான் மறுவாழ்வு இல்லம். அங்கே உரிமம், மனநல மருத்துவர் வரும் நாள், இரவில் நர்ஸ், குடும்பத்தார் பார்க்க அனுமதி, நான்கையும் விசாரியுங்கள். வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிப்போகிறோம் என்பவர்களிடம் ஒப்படைக்கவே வேண்டாம். சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

'தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மருந்து' விளம்பரங்களையும் நம்பாதீர்கள். அவற்றில் டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகும் மருந்து) இருந்து, அது தெரியாமல் அவர் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஆலோசனைக்கு 14446, கட்டணமில்லை. ஃபிட்ஸோ பிதற்றலோ தொடங்கினால் யோசிக்காமல் 108.