குரல் வாக்கு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நாடாளுமன்ற அவைக்குறிப்புகளை நேரடியாக வாசித்துப் பழக வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். முயன்று பார்த்தேன். எங்களுடையது டெல்டாவில் ஒரு விவசாயக் குடும்பம். 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களுக்கு எங்கள் தொகுதி உறுப்பினர் ஆதரவாக வாக்களித்தாரா, எதிராகவா என்று தெரிந்துகொள்ளத்தான் தேடினேன். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தும் வாக்களித்தவர்களின் பட்டியல் கிடைக்கவில்லை. தீர்மானம் ஏற்கப்பட்டது என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. நான் தேடிய இடம் தவறா? பட்டியலே கிடையாது என்றால் இந்தக் குறிப்புகளால் எங்களுக்கு என்ன பயன்? எப்படியும் கட்சியின் கொறடா சொல்வதுதானே நடக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தேடிய இடம் சரிதான். பட்டியல்தான் இல்லை.

அந்தச் சட்டங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியவை. அவைத்தலைவர் தீர்மானத்தை முன்வைப்பார். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்தப் பக்கம் அதிகம் என்று அவருக்குப் படுகிறதோ அதை அறிவிப்பார். அதை ஏற்காத உறுப்பினர் டிவிஷன், அதாவது எண்ணி நடத்தும் வாக்கெடுப்பு கேட்கலாம். மணி அடித்து, அவையை ஒட்டிய லாபியைக் காலி செய்து, ஒவ்வொருவர் வாக்கையும் எண்ணுவார்கள். பெயர்கள் அவைக்குறிப்பில் ஏறுவது அப்போதுதான். அதிலும் மக்களவை விதி 367 ஒரு வழி விட்டுவைத்திருக்கிறது. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று அவைத்தலைவர் கருதினால், இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிவிடலாம். அப்படி எண்ணும்போது பெயர்கள் பதிவாகாது என்று விதியே சொல்கிறது.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். பெரும் கூச்சல், குழப்பம். அதற்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே இரண்டு மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது அவையை நடத்தியவர் தரப்பு விளக்கம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அவை அமைதியானதும் எண்ணியிருக்கலாம், மறுநாள்கூட எண்ணியிருக்கலாம். நாடு முழுக்க விவசாயிகளைத் தொடும் சட்டத்துக்கு அந்த அரை மணி நேரம் கூடவா இல்லை? டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் போராட்டம் நடந்து, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டபோதும் இதே கதைதான். இரு அவைகளிலும் ஒரே நாளில், விவாதம் இல்லாமல், குரல் வாக்கில் முடிந்தது. சட்டம் வந்தபோது யார் 'ஆம்' என்றார், போனபோது யார் 'ஆம்' என்றார் என்று தனித்தனியாகக் காட்ட ஒரு பக்கமும் இல்லை. உங்கள் இரண்டு நாள் இப்படித்தான் வீணானது.

இனி அரசியல் சட்டத் திருத்தங்களைப் பாருங்கள். அவற்றுக்குச் சிறப்புப் பெரும்பான்மை (அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு) வேண்டும் என்பதால் எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. அந்த இரண்டு பேர் யார் என்று நமக்குத் தெரியும். ஏன் எதிர்த்தார்கள் என்று அவர்களே விளக்கினார்கள், அவர்கள் தொகுதி மக்கள் அதைப் பற்றி விவாதிக்க முடிந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் விழுந்தபோது யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை ஊரே பேசியது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

குரல் வாக்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் குரல் வாக்கில்தான் நிறைவேறியது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருவர் எண்ணச் சொல்லிக் கேட்ட பிறகும் எண்ணாமல் விடுவதைத்தான் தப்பு என்கிறேன்.

அப்புறம், கொறடா. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அதனால் வாக்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் கட்சி சொன்னதற்காக ஒருவர் தன் ஊருக்கு எதிராகக் கை தூக்கினால், அது அவர் பெயரில் பதிவாகட்டும் என்கிறேன். ஊருக்குத் திரும்பி வந்து 'கட்சி சொன்னது, செய்தேன்' என்று அவர் வாயால் சொல்ல வேண்டிவரும். இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். 2003-க்குப் பிறகு மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களிக்கும் கட்சி எம்.எல்.ஏ. தன் வாக்குச் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். கட்சிக்குக் காட்டச் சட்டம் இருக்கிறது. ஒரு மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று அவரைத் தேர்ந்தெடுத்த ஊருக்குக் காட்டத்தான் எந்தக் கட்டாயமும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

நம் சட்டமன்றத்தில் 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பேரவைத் தலைவர் மறுத்தார், 122-க்கு 11 என்று முடிவு வந்தது. உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் வைக்கப்பட்டிருந்த சூழலில் அந்தக் கோரிக்கைக்குக் காரணம் இருந்தது, புரிகிறது. இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரகசிய வாக்கு உங்களுக்கும் எனக்கும் உரியது, பண்ணையாரோ முதலாளியோ நம்மை மிரட்டாமல் இருப்பதற்காக. நம் சார்பில் போய் உட்கார்ந்திருப்பவர் நம்மிடமிருந்தே தன் வாக்கை மறைப்பதற்கு அதைக் கடன் கேட்க முடியாது.

பயன் என்ன என்று கேட்டீர்கள். விவாதத்தில் பேசியவர்களின் பெயரும் பேச்சும் அப்படியே இருக்கின்றன. உங்கள் உறுப்பினர் அன்று பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா என்று பாருங்கள். அவர் பெயரில் தேடினால் ஐந்து ஆண்டுகளில் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் வரும். காவிரி, நெல் கொள்முதல், பயிர்க் காப்பீடு பற்றி எத்தனை கேட்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் அவருக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். அன்று நீங்கள் அவையில் இருந்தீர்களா, எந்தப் பக்கம் குரல் கொடுத்தீர்கள், அடுத்த முறை இப்படி ஒரு மசோதா வந்தால் டிவிஷன் கேட்பீர்களா? இந்த மூன்று கேள்வி போதும். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்