ரூட் அனுமதி தராத ஆய்வகத்தில் எம்பெடெட் லினக்ஸ் கற்பது எப்படி?

மதிப்பிற்குரிய அம்மா,

மின்னணுவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் எம்பெடெட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளம்) துறையில் வேலைக்குப் போக விரும்புகிறார் என்றும், கல்லூரி ஆய்வகத்தில் ரூட் எனப்படும் முழு அதிகார அனுமதி மறுக்கப்பட்டதால் மனம் சோர்ந்திருக்கிறார் என்றும், நகையை அடகு வைத்தாவது விலை உயர்ந்த லேப்டாப் ஒன்றை வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நகையை அடகு வைக்க வேண்டாம். கடைசிப் படி ஒன்றைத் தவிர, அவர் கற்க விரும்பும் வேலைக்கு ரூட் அனுமதி தேவையே இல்லை. இத்துறையில் பணிபுரிவோரும் அந்த அனுமதி இல்லாமல்தான் அன்றாடம் அதைச் செய்கிறார்கள்.

ரூட் என்பது ஒரு லினக்ஸ் கணினியில் எந்தக் கோப்பையும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரம் பெற்ற கணக்கு. ரவுட்டர், கார் திரை, பெட்ரோல் பங்க் மீட்டர் போன்ற கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸை, கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), நூலகங்கள், நிரல்கள் அனைத்தையும் மூலத்திலிருந்து தொகுத்து, கருவியில் அப்படியே ஏற்றக்கூடிய இமேஜ் என்ற ஒரே கோப்பாகக் கட்டுகிறார்கள். அந்த இமேஜுக்குள் இருக்கும் கோப்புகள் ரூட்டுக்கு உரிமையானவையாக இருக்க வேண்டும் என்பதால், அதைக் கட்டும் கணினியிலும் ரூட்டாக இருக்க வேண்டும் என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உங்கள் மகளின் கவலையும் இதிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தார் மறுத்தது சரியே என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நான் இத்துறையில் பணிபுரிந்த காலத்தில், உடன் வேலை செய்தவர் ஒருவர் ஏ.ஆர்.எம். என்ற வேறு வகைச் செயலி கொண்ட கருவிக்காகக் கட்டிய கோப்புகளை ஒரு கோப்புறைக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டினார். கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாக இருந்தது. கோப்புகள் அனைத்தும் அவருடைய கணினியின் தலைமைக் கோப்புறைக்குள்ளேயே போய் அமர்ந்தன. அதன்பின் அவர் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தபோது, இந்தக் கணினியால் ஓட்ட முடியாத நிரல் என்று பொருள்படும் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்ற ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. அன்றைய நாள் முழுவதும் கணினியை மீட்பதிலேயே கழிந்தது. சாதாரணப் பயனராக ஓட்டியிருந்தால் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்று முதல் வரியிலேயே நின்றிருக்கும். ஒரு இமேஜைக் கட்டும்போது வெவ்வேறு இடங்களிலிருந்து இறக்கிய நூற்றுக்கணக்கான மூலநிரல்களின் ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அவை அனைத்தையும் ரூட்டாக ஓடவிடுவது, முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதைப் போன்றது. இத்தகைய இமேஜ்களைக் கட்டுவதற்காக 2010-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய யோக்டோ திட்டத்தின் பிட்பேக் என்ற கட்டும் கருவியை ரூட்டாக ஓட்ட முயன்றால், அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லி அதுவே நின்றுவிடும்.

அப்படியானால் ரூட்டுக்கு உரிய கோப்புகள் எப்படி உருவாகின்றன? உங்கள் மகள் நேரம் செலவிட்டுக் கற்க வேண்டிய இடம் இதுதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் உலகில் 1997-இல் தோன்றிய ஃபேக்ரூட் என்ற சிறு நிரல், மற்ற நிரல்களுக்கும் கர்னலுக்கும் இடையில் அமர்ந்துகொள்கிறது. 'இந்தக் கோப்பின் உரிமையாளரை ரூட்டாக மாற்று' என்று ஒரு நிரல் கேட்டால், வட்டில் எதையும் மாற்றாமல் தன் ஏட்டில் மட்டும் குறித்துக்கொண்டு, மாற்றியாகிவிட்டது என்று பதில் சொல்கிறது. பிறகு யாரேனும் உரிமையாளர் யார் என்று கேட்டால் அந்த ஏட்டைப் பார்த்து ரூட் என்கிறது. இறுதியில் இமேஜை எழுதும் நிரலும் அதே ஏட்டை நம்பி எழுதுவதால், இமேஜுக்குள் உரிமை சரியாகப் பதிந்துவிடுகிறது. யோக்டோவில் இதே வேலையைச் செய்யும் நிரலின் பெயர் ஸூடோ; அனுமதி பெற்று ரூட்டாக இயங்க உதவும் சுடோ கட்டளையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதை அவர் ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஃபேக்ரூட் என்று அடித்து உள்ளே நுழைந்து, வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதை ரூட்டுக்கு உரிமையாக்கி, உரிமையாளர் பெயரையும் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் கட்டளையைக் கொடுத்தால் ரூட் என்று தெரியும். எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து மறுபடி பார்த்தால் அவருடைய பெயரே இருக்கும். இந்த வேறுபாட்டைத் தம் சொற்களில் விளக்கத் தெரிந்த மாணவரை நேர்முகத் தேர்வில் நான் ஒருபோதும் எளிதில் கடந்து போனதில்லை.

முன்பெல்லாம் இமேஜ் கோப்பை மவுண்ட் செய்து (ஒரு வட்டைப் போலக் கணினியில் இணைத்து) அதற்குள் நகலெடுப்பதற்காகவும் ரூட் தேவைப்பட்டது. 2016-இல் வெளிவந்த இ2எஃப்எஸ்பிராக்ஸ் என்ற கருவித் தொகுப்பின் 1.43 பதிப்பு முதல், ஒரு கோப்புறையைக் காட்டினால் மவுண்ட் செய்யாமலே எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையின் இமேஜாக மாற்றும் வசதி வந்துவிட்டது. ஃபேட் என்ற வேறு வகைக் கோப்பு முறைமைக்கு இதே போல எம்டூல்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. நிரல்களைத் தனித்தனியே பிரித்து ஓட்டும் டாக்கர் என்ற கருவியைப் பயன்படுத்தும் குழுவில் சேர்த்துவிடும்படி ஆய்வகத்தாரிடம் கேட்கலாமா என்று அவர் யோசித்தால், அதுவும் ஏறத்தாழ ரூட் அனுமதியைக் கேட்பதற்குச் சமம் என்பதை அறிந்திருக்கட்டும்.

யோக்டோவை இப்போதே தொட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு 100 கிகாபைட்டைத் தாண்டும் வட்டு இடமும் நிறைய நினைவகமும் வேண்டும், ஆய்வகத்தில் கிடைக்காது. அதே வேலையைச் செய்யும் எளிய கருவியான பில்ட்ரூட்டில் தொடங்கட்டும். சிறிய இமேஜுக்கு 10 கிகாபைட் இடம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். ஆகவே ஆய்வகப் பொறுப்பாளருக்கு அவர் எழுதும் கடிதத்தில் ரூட் அனுமதியைக் கேட்காமல் இரண்டை மட்டும் கேட்கட்டும்: வட்டு ஒதுக்கீட்டை உயர்த்துவது, ஜிசிசி (கம்பைலர், அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி), மேக் (கட்டும் கருவி) போன்ற சில அடிப்படைத் தொகுப்புகளைப் பொறுப்பாளரே ஒருமுறை நிறுவித் தருவது. பொறுப்பாளர்கள் இத்தகைய தெளிவான கோரிக்கையைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆய்வகத்தில் இணையம் தடைபட்டால், வேறிடத்தில் பில்ட்ரூட்டின் 'மேக் சோர்ஸ்' கட்டளையால் மூலநிரல்கள் அனைத்தையும் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து கட்டலாம்.

இமேஜை ஏற்றிப் பார்க்கும் போர்டு (சிறு கணினிப் பலகை) வாங்கவும் அவசரம் இல்லை. இமேஜை எஸ்டி கார்டில் எழுதும் கட்டத்தில்தான் உண்மையாகவே கூடுதல் அனுமதி தேவைப்படும்; அதை ஆய்வக உதவியாளரின் முன்னிலையில் செய்துகொள்ளலாம். அதுவரை கியூஎமு என்ற போலிக் கணினியே போதும். அதுவும் சாதாரணப் பயனராகவே ஓடும். அதற்கென்றே ஆயத்த அமைப்புகள் பில்ட்ரூட்டுடன் வருகின்றன. இவற்றோடு சி மொழியில் பயிற்சி தளரக் கூடாது. புதியவர்களை எடுக்கும் நிறுவனங்கள் முதலில் சோதிப்பது அதைத்தான்.

முதல் முறை கட்டும்போது கருவிக்கான கம்பைலரையே பில்ட்ரூட் உருவாக்கிக்கொள்வதால் நெடுநேரம் ஆகும். மாலையில் தொடங்கிவிட்டுக் காலையில் வந்து பார்ப்பது நல்லது. கட்டி முடித்த இமேஜை கியூஎமுவில் ஏற்றினால் 'பில்ட்ரூட் லாகின்' என்று திரையில் கேட்கும். அங்கே அவர் ரூட் என்று அடிக்கட்டும். கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும்.